சக்கரத்துக்கு ஆசிட் வேண்டாம்

அலாய் வீலில் ஒட்டிப்போன பிரேக் தூசிக்கு ஆசிட்தான் மருந்து என்று வண்டிக்காரர்களில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஹைதராபாத்தின் மௌலா அலி கமானிலிருந்து ஈ.சி.ஐ.எல். கிராஸ் ரோட்ஸ் பக்கம் போகும் சாலையோர வாட்டர் வாஷ் கொட்டகைகளில், ஷாம்பு நுரை வடிந்ததும் “வீலுக்கு ஆசிட் போடவா அண்ணா?” என்ற குரல் வருவது சாதாரணம். சென்னையிலும் கோவையிலும் இதே கேள்விதான். இந்த நம்பிக்கை தவறு. சக்கரத்தை, பிரேக்கை, கழுவுகிறவன் கையை, தெருக் கால்வாயை ஒருசேரக் கெடுக்கிற தவறு. ஊர் முழுக்கச் செய்கிறது என்பதற்காக அதைச் சும்மா விட முடியாது.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? அதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரேக் தூசி சாதாரண அழுக்கு இல்லை. ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் ஸ்போக் இடுக்கிலும் நட்டுகளைச் சுற்றியும் ரிம்மின் உட்புறத்திலும் பழுப்புப் புள்ளிகளாக அப்படியே இருக்கும். பிரஷ் தேயும், புள்ளி போகாது. அந்தப் புள்ளி இரும்புத் துரு. துருவைக் கரைப்பது ஆசிட். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிகிறது, செலவும் மிகக் குறைவு. தண்ணீர் கலந்துதான் போடுகிறோம். உடனே கழுவியும் விடுகிறோம். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது, எந்தச் சக்கரமும் உடைந்து விழவில்லை.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. துருவை ஆசிட் கரைக்கும் என்பது பள்ளிக்கூட வேதியியல். அதோடு, ஹைதராபாத் கருங்கல் பாறைமேல் எழுந்த ஊர். வாட்டர் வாஷ் கொட்டகைகள் நம்பியிருக்கும் போர்வெல் நீர் பல இடங்களில் கடினநீர். அது காய்ந்த இடத்தில் வெள்ளை உப்புக் கறை படியும். அந்தக் கறையையும் ஆசிட் சட்டென்று எடுத்துவிடும். பிரேக் தூசியும் உப்பும் கலந்து கிடக்கிற சக்கரத்தில் ஆசிட் மந்திரம் போட்டதுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ‘கரைக்கிறது’ என்பதிலிருந்து ‘அதுதான் மருந்து’ என்று தாவக்கூடாது. தூசியைத் தவிர வேறு எதைக் கரைக்கிறது, கழுவிய பிறகு எங்கே தங்குகிறது, யார் தோலில் படுகிறது, கடைசியில் எந்த நீரில் சேர்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகுதான் மருந்தா விஷமா என்று சொல்ல முடியும்.

பிரேக் தூசி எதனால் ஆனது? இது தெரியாமல் வாதம் நகராது. மிதியை அழுத்தும்போது பிரேக் பேட், வார்ப்பிரும்பு டிஸ்க்கை இறுகப் பிடிக்கிறது. இரண்டுமே தேய்கின்றன. டிஸ்க்கிலிருந்து இரும்புத் துகள். பேடிலிருந்து பிசின், கிராஃபைட், எஃகு இழை, சிலவற்றில் செம்பு. சுமார் 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறக்குறைய 167 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற சாலையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்தச் சூட்டில் தெறிக்கும் இரும்புத் துகள் சக்கரத்தின் மேல்பூச்சான கிளியர் கோட்டில் போய்ப் பதிகிறது. பிறகு மழையும் பனியும் பட்டு அங்கேயே துருப்பிடிக்கிறது. மௌலா அலியில் இருப்பவர்களுக்கு இதற்குச் சான்று வேண்டுமென்றால் ரயில் யார்டைப் பார்த்தாலே போதும். சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் தேய்ந்து உதிர்ந்த இரும்பு, துருவாகி, ஜல்லியைச் செம்பழுப்பாக்கி வைத்திருக்கிறது. காரின் சக்கரத்தில் இருப்பதும் அதே சரக்குதான்.

ஆக, பிடிவாதமான பிரேக் தூசி என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, உள்ளே பதிந்த இரும்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆசிட் கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. ஆசிட் துருவை மட்டும் கரைக்கிறதா?

இல்லை. ஆசிட்டுக்குக் கண் கிடையாது. இரும்பு ஆக்சைடு, அலுமினியம், நட்டின் முலாம் என்று எது எதிரில் வந்தாலும் அது தன் வேலையைக் காட்டும். அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியம். கூடவே கொஞ்சம் சிலிக்கன், மிகக் குறைவாக மக்னீசியம். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு படலம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அந்தப் படலத்தைக் கரைத்து உலோகத்தையே அரிக்கத் தொடங்கும்.

“நடுவில் கிளியர் கோட் இருக்கிறதே, ஆசிட் உலோகத்தைத் தொடாதே” என்பார்கள். இங்கேதான் அவர்களுடைய வாதம் அவர்களையே திருப்பி அடிக்கிறது. சூடான துகள் கிளியர் கோட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போனதால்தான் கறை பிடிவாதமாயிற்று. கறை எங்கே விடாப்பிடியாக இருக்கிறதோ அங்கே மேல்பூச்சு ஏற்கெனவே ஓட்டையாகியிருக்கிறது. துகளை ஆசிட் கரைத்ததும் அந்த ஓட்டை திறந்துகொள்கிறது. அடுத்த சொட்டு நேராக அலுமினியத்துக்குப் போகிறது. கல் தெறித்த இடம், பஞ்சர் கடையில் டயர் கழற்றும்போது கீறிய விளிம்பு, பேலன்சிங் எடை ஒட்டிய இடம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துருவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் சேர்ந்தால் ஃபெர்ரிக் குளோரைடு உண்டாகிறது. ஈ.சி.ஐ.எல். வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சர்க்யூட் பலகையில் வேண்டாத செம்பை அரித்தெடுக்கப் பயன்படும் கரைசல் அது. அலுமினியத்தையும் அது அரிக்கும். ஆகவே கறை கரைந்து ஒழுகுகிற அந்தப் பழுப்புத் தண்ணீர், வேலை முடிந்த ஆசிட் இல்லை, இரண்டாவது அரிப்பான்.

2. உடனே கழுவிவிட்டால் எல்லாம் போய்விடுமா?

ஜெட் பம்ப் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் முகத்தைக் கழுவும். நட்டு உட்காரும் குழி, ஹப்பும் சக்கரமும் ஒட்டும் இடம், சென்டர் கேப்பின் பின்புறம், பேலன்சிங் எடையின் அடிப்பகுதி ஆகியவற்றுக்குள் அது போவதில்லை. அங்கே தேங்கும் குளோரைடு காய்ந்து உப்பாகும். அடுத்த மழையில் ஈரம் பட்டதும் மறுபடி வேலை தொடங்கும். அரிப்பு நடப்பது கழுவிய அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகான மாதங்களிலும்.

இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கி மேலே கிளியர் கோட் பூசிய டைமண்ட் கட் சக்கரம் வைத்திருப்பவர்கள் இதன் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்போக்கின் விளிம்பிலிருந்து கிளம்பி, பூச்சுக்கு அடியில் வெள்ளை இழைகள் புழு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து பரவியிருக்கும். விரல் வைத்தால் மேலே வழவழப்பாகத்தான் இருக்கும். அரிப்பு அடியில் ஓடுகிறது. எந்தப் பாலிஷும் அங்கே எட்டாது. பூச்சு முழுவதையும் உரித்து, மறுபடி சீவி, மறுபடி பூசினால்தான் உண்டு. இந்தத் தடம் வந்தவுடன் “உப்புத் தண்ணீர்” என்றும் “மட்டமான வீல்” என்றும் பழி வேறெங்கோ போகிறது. அதற்குக் கதவைத் திறந்துவிட்ட ஆசிட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஓட்டி வந்த சூடு ஆறாத சக்கரத்தில் ஊற்றிய ஆசிட்டில் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகும். மிஞ்சும் ஆசிட்டின் செறிவு ஏறும். ஒன்றுக்குப் பத்து கலந்து ஊற்றினேன் என்கிற கணக்கெல்லாம் சூடான சக்கரத்தில் செல்லாது.

3. சக்கரத்துக்குத்தானே போடுகிறோம், பிரேக்குக்கா போடுகிறோம்?

ஸ்போக்குகளுக்கு நடுவே இருப்பது என்ன? டிஸ்க், காலிப்பர், பேட். சக்கரத்தின்மேல் அடித்த ஆசிட் இவற்றின்மேல் படாமல் தடுக்கும் சுவர் ஏதும் கிடையாது. டிஸ்க்கின் உரசும் முகத்தில் படியும் துரு நாலு தடவை பிரேக் பிடித்தால் தேய்ந்துவிடும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் உரசாத பாகங்கள் இருக்கின்றன. காலிப்பர் நகர்வதற்கான பின்கள், அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை, பேடைத் தாங்கும் எஃகுத் தகடு, அது வழுக்கிச் செல்லும் கிளிப், பிரேக் ஆயில் பிளீட் செய்யும் நிப்பிள் எல்லாம் அங்கேதான் உள்ளன. இவற்றில் ஏறும் துரு தானாகத் தேய்ந்து போகாது.

இவை துருவேறி இறுகினால் காலிப்பர் சரியாகப் பின்வாங்காது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். பேட் சீக்கிரம் தீரும், மைலேஜ் குறையும், சக்கரம் சூடாகும். கூடவே, தூசியும் முன்னைவிட அதிகமாக உதிரும். தூசியை ஒழிக்க ஊற்றிய ஆசிட் தூசி உற்பத்தியைக் கூட்டுகிறது. அதிகமான தூசிக்கு இன்னும் அடிக்கடி ஆசிட் ஊற்றுகிறார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதற்கு மருந்து என்று பெயர் வைக்க முடியுமா? பிரேக் என்பது உயிரைப் பிடித்து நிறுத்தும் பாகம். சக்கரத்தின் பளபளப்புக்காக அதைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

4. கழுவுகிற பையனைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

ஆசிட் கட்சியின் வாதம் முழுவதிலும் இந்த மனிதன் வருவதே இல்லை. பழைய குடிநீர் பாட்டில், மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள், உள்ளே மஞ்சளாக ஒரு திரவம். அவன் சக்கரத்துக்கு முன் குந்தி உட்கார்ந்து பாட்டிலை அமுக்குகிறான்; சக்கரத்திலிருந்து வெண்புகை கிளம்புகிறது; அவன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, பிரஷ்ஷால் தேய்க்கிறான். கையில் உறை இல்லை. காலில் ரப்பர் செருப்பு. விரல் நகங்களின் ஓரம் வெளுத்துப் போயிருக்கிறது. நான் பார்த்தது இது. கொட்டகைகளுக்குப் போகிற யாரும் பார்க்கக்கூடியது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகை மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். அது எச்சரிக்கையாவது கொடுக்கும். உலகெங்கும் சக்கரம் கழுவும் திரவங்களில் இடம்பெறும் இன்னொரு அமிலம் இருக்கிறது: ஹைட்ரோபுளோரிக் அமிலம். அமோனியம் பைபுளோரைடு கலந்த திரவமும் தண்ணீரில் இதையே உண்டாக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே நீர்த்திருந்தால் தோலில் பட்ட உடனே வலி தெரியாது; 24 மணி நேரம் வரைகூடத் தாமதமாகலாம். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்புவரை எட்டும், அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். முதலுதவிக்குத் தண்ணீர் மட்டும் போதாது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை கார், லாரி கழுவும் வேலையில் இந்த அமிலத்தால் புண்பட்ட 48 தொழிலாளர்கள் கணக்கில் வந்தார்கள். அவர்களில் 7 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. லேபிளும் சட்டமும் தொழிலாளர் பதிவேடும் உள்ள இடத்தில் வந்த எண்ணிக்கை அது. பெயரே எழுதாத கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் இடத்தில் கணக்கெடுப்பவர் யார்?

ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், ஆசிட் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த அளவுக்கு ஆபத்தானதென்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கருதிய பொருளைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பதின்ம வயதுப் பையன் கையில் கொடுத்து, காரின் அழகுக்காகப் பீய்ச்சச் சொல்கிறோம். “இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் யாருக்கு ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டிக்காரருக்கு ஆகவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

5. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

கொட்டகைத் தரையிலிருந்து தெருவோரக் கால்வாய்க்கு, அங்கிருந்து நாலா எனப்படும் பெரிய வடிகாலுக்கு, ஹைதராபாத்தின் இந்தப் பக்கத்து நீர் கடைசியில் மூசி ஆற்றில் போய்ச் சேர்கிறது. மூசியின் கீழ்ப்பகுதியில் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் மாட்டுக்குப் புல்லும், கீரையும், நெல்லும் விளைவிக்கிறார்கள். மூசியின் பெரிய குற்றவாளி கார் கழுவும் கொட்டகை இல்லை என்பது சரி. தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும்தான் அதை அழித்தவை. ஆனால் பெரிய குற்றவாளி இருப்பதால் சின்னக் குற்றம் நியாயமாகிவிடாது. அதிலும் இது தவிர்க்கக்கூடிய குற்றம்.

பிரேக் தூசியில் உலோகங்கள் இருக்கின்றன. சக்கரத்தில் ஒட்டியிருக்கும்வரை அவை திடத்துகள். ஆசிட்டில் கரைத்துவிட்டால் அவை நீரோடு ஓடி, பயிரும் மீனும் எளிதில் உள்ளிழுக்கக்கூடிய வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. பிரேக்கிலிருந்து வரும் செம்பு நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்பதற்காகவே கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் 2010-ல் சட்டம் இயற்றி, பேடில் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்க வைத்தன. ஐரோப்பாவில் யூரோ 7 விதிகள், புகைக்குழாயிலிருந்து வருவதை அளப்பதோடு நிற்காமல், பிரேக்கிலிருந்து உதிரும் நுண்துகளுக்கும் முதல்முறையாக வரம்பு வைத்திருக்கின்றன: பொதுவான கார்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். பிரேக் தூசி வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்த காலம் போய்விட்டது. அதைக் கரைத்துச் சாக்கடையில் விடுவதைச் சுத்தம் செய்தல் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

6. மலிவு என்கிறீர்களே, யாருடைய கணக்கில்?

அன்றைய செலவை மட்டும் பார்த்தால் மலிவுதான். ஆனால் செலவு அன்றோடு முடிவதில்லை. பூச்சு அரித்த அலாய் வீல் ஒன்றைச் சீராக்கவோ மாற்றவோ ஆயிரக்கணக்கில் ஆகும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். காலிப்பர் பின் இறுகிவிட்டால் பேட், சில சமயம் டிஸ்க், கூலி எல்லாம் தனி. ஆசிட்டுக்கு மாற்றாக இரும்பு நீக்கி என்று விற்கும் பாட்டில் சில நூறு ரூபாய். அது பல கழுவல்களுக்கு வரும். ஆசிட்டின் மலிவு, செலவைத் தள்ளிப்போடுவதால் வருகிற தோற்றம். அந்தச் செலவில் ஒரு பங்கை வண்டிக்காரர் பின்னால் கட்டுகிறார். இன்னொரு பங்கைக் கழுவுகிற பையன் தன் கையாலும் நெஞ்சாலும் கட்டுகிறான். மிச்சம் ஆற்றின் தலையில் விழுகிறது.

7. ஆசிட் இல்லாமல் போகாது என்பது உண்மையா?

ஆசிட் கட்சியின் கடைசிக் கோட்டை இதுதான். இதுவும் நிற்காது. தயோகிளைக்கோலேட் என்ற உப்பைக் கொண்ட இரும்பு நீக்கிகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. முடியைச் சுருளாக்கும் அழகுநிலைய லோஷனிலும் இதே வகைப் பொருள்தான். அதனால்தான் இரண்டிலும் அந்தக் கெட்ட நாற்றம். இது கிட்டத்தட்ட நடுநிலையான காரகாடித் தன்மையில் வேலை செய்கிறது. இரும்போடு சேர்ந்து கரையக்கூடிய கூட்டுப்பொருளாக மாறுகிறது. அலுமினியத்தை ஆசிட்போல அரிப்பதில்லை.

அது வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தெளித்தபோது நிறமே இருக்காது. அரை நிமிஷத்தில் நட்டுகளைச் சுற்றி இளஞ்சிவப்பு தெரியும். பிறகு ஒவ்வொரு பழுப்புப் புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு கிளம்பிக் கீழே வழியும். இரும்பு எங்கே பதிந்திருக்கிறதோ அங்கே மட்டும் நிறம் மாறும். சுத்தமான இடம் அப்படியே இருக்கும். எங்கே இன்னும் வேலை பாக்கி என்பதைச் சக்கரமே காட்டிக்கொடுக்கிறது. ஆசிட் எதை எடுத்தது, எதை அரித்தது என்று ஒருபோதும் காட்டாது.

முறை கடினமில்லை. சக்கரம் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். முதலில் தண்ணீரும் ஷாம்புவும் போட்டு மேல் அழுக்கை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கறையை எட்டாது. பிறகு இரும்பு நீக்கியைத் தெளித்து, மூன்று முதல் ஐந்து நிமிஷம் காயாமல் விட வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளில் ஓட்டி, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் சேர்ந்த கறை ஒரே தடவையில் போகாது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை போட வேண்டும். அதற்கும் மசியாத புள்ளிக்கு டீடெயிலிங் கடைகளில் கிடைக்கும் களிமண் கட்டியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். கையுறை இதற்கும் கட்டாயம். இதுவும் ரசாயனம்தான், தோலுக்கு ஒவ்வாது. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். வெள்ளை உப்புக் கறை மட்டும் மிஞ்சினால் அதற்கென நீர்த்த வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்து உடனே கழுவலாம். அதற்காக முழுச் சக்கரத்தையும் ஆசிட்டில் குளிப்பாட்டத் தேவையில்லை.

ஆசிட்டை விட்டுவிட்டு வேறொரு தவறுக்குப் போய்விடவும் கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் தாரையும் கிரீஸையும் இளக்கும். பதிந்த இரும்பை ஒன்றும் செய்யாது. டயர் ரப்பரைக் கெடுக்கும், டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கடுமையான காரத் திரவங்களும் ஆகாது. அலுமினியம் ஆசிட்டிலும் கரையும், காரத்திலும் கரையும். இரும்பு நார், எஃகு பிரஷ் எல்லாம் கிளியர் கோட்டைக் கீறி அடுத்த தூசிக்கு இடம் போட்டுக் கொடுக்கும். காற்றுக் குழாயால் உலர் தூசியை ஊதுவது எல்லாவற்றையும்விட மோசம். கல்நார் கலந்த பழைய, மலிவான லைனிங்குகள் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக யாரும் உத்தரவாதம் தர முடியாது; எந்தப் பிரேக் தூசியையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

8. கறையைப் பிடிவாதமாக்கியது யார்?

பிரேக் தூசி முதல் நாளே பிடிவாதமாக இருப்பதில்லை. வாரம் ஒருமுறை வெறும் ஷாம்புத் தண்ணீரில் துடைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டு, துகள் பதிந்து துருப்பிடித்த பிறகு ஒரே நாளில், பத்து நிமிஷத்தில், பளிச்சென்று வேண்டும் என்று கேட்பதால்தான் ஆசிட் உள்ளே வருகிறது. ஆசிட்டை விற்பது நம் அவசரம். சுத்தமான சக்கரத்தில் வீல் சீலன்ட்டோ வேக்ஸோ பூசினால் தூசி ஒட்டுவது குறையும். அடுத்த தடவை தண்ணீரிலேயே போகும்.

தூசி ஒரு செய்தியும் சொல்கிறது. ஆசிட் அந்தச் செய்தியைப் படிக்கவிடாமல் அழித்துவிடுகிறது. முன்சக்கரத்தில் அதிகம் இருப்பது இயல்பு. பிரேக்கின் பாரத்தில் பெரும்பங்கு முன்புறம்தான் விழுகிறது. நம் ஊரின் பல கார்களில் பின்னால் டிரம் பிரேக். தூசி அதற்குள்ளேயே தங்கிவிடும். ஆனால் இடது முன்சக்கரம் மட்டும் கறுத்து, வலது முன்சக்கரம் சுத்தமாக இருந்தால் ஒரு காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பேட் மாற்றிய பிறகு தூசி திடீரென்று கூடினால் பேடின் ரகத்தை விசாரிக்க வேண்டும்; உலோகம் அதிகமுள்ள பேட் அதிகமாக உதிர்க்கும், செராமிக் பேட் குறைவாக உதிர்க்கும், அதன் தூசி வெளிறியும் இருக்கும். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்து, வண்டியைத் தானாகத் தளரவிட்டால் தூசி பிறக்குமிடத்திலேயே குறையும்.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. வண்டிக்காரர், எந்தத் திரவத்தைப் போடுகிறீர்கள், பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். பெயரில்லாத கேன் என்றால் சக்கரத்தைத் தொடவே விடக்கூடாது. ஆசிட் இல்லாமல் கழுவ ஆகும் கூடுதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கும் கூடுதல் பணத்துக்கும் அவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காமல் கொட்டகைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கொட்டகை நடத்துகிறவர், ஆசிட்டை நிறுத்தி, இரும்பு நீக்கியை வாங்கி வைத்து, கையுறையும் பூட்ஸும் கண்ணாடியும் தன் செலவில் கொடுக்க வேண்டும். பையன் கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவன் கேட்க மாட்டான். ஆசிட் விற்கும் கடைக்காரர் 2013-ன் உத்தரவைக் கடைப்பிடிக்க வேண்டும். மாநகராட்சி அதைச் சோதிக்க வேண்டும், கழுவிய நீரை வடிகட்டாமல் கால்வாயில் விடுவதையும் சேர்த்து.

இதையெல்லாம் கேட்ட பிறகும் “ஆசிட்தான் சீக்கிரம்” என்று ஒருவர் சொல்வாரானால், அவர் சொல்வது உண்மை; ஆனால் அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வாதமும் அதுதான். சீக்கிரம் என்ற ஒன்றுக்காகச் சக்கரத்தின் பூச்சு, பிரேக்கின் நம்பகம், ஒரு தொழிலாளியின் கை, ஓர் ஆற்றின் நீர் என இத்தனையையும் கொடுக்க அவர் தயாராக இருக்கிறார். இவற்றில் முதலிரண்டு மட்டுமே அவருடையவை. மற்ற இரண்டையும் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.